தோட்டத்து டாக்டர் நடத்திய யோகா முகாம்



வருகிற விடுமுறையில் தீவுப் பக்கம், பாலிக் புலாவ் மலையடிவாரத்தில் மூன்று நாள் யோகா முகாம் நடத்துவது என்று நம் இளைஞர் பிரிவு முடிவு செய்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஜாதிக்காய் மரங்கள், டுரியான் தோட்டம், விடியற்காலையில் குளிர்ந்த காற்று. இடம் பார்த்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தன். இடத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. செயற்குழுவில் சூடு கிளம்பியது கட்டணத்தைப் பற்றியும் தேதியைப் பற்றியும்தான்.

நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல ஆசிரியர் என்றால் அதற்கேற்ற பணம் வாங்கத்தான் வேண்டும் என்பது ஒரு பக்கம். பிறை தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்க்கிற நம்ம பசங்களும், வீட்டுச் செலவுக்காகப் பகுதிநேர வேலைக்குப் போகிற தங்கச்சிகளும் வர முடியாத முகாம் யாருக்கு என்பது இன்னொரு பக்கம். முடிவு ஏதும் எட்டாமலே கூட்டம் கலைந்தது. யோகா முகாம் என்ற பழக்கத்தை மக்களிடம் கொண்டுபோன ஒருவரைப் பற்றி இந்த இதழுக்கு எழுது என்று எங்கள் தலைவர் அண்ணன் என்னிடம் சொன்னார்.

எனக்கு முதலில் தோன்றிய பெயர் ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர். நம்மில் பலருடைய வீட்டுப் பூஜையறையில் அவர் படம் இருக்கும். நீளமான மேலங்கி, மொட்டைத் தலை, அகலமான சிரிப்பு. இமயமலைச் சாமியார் என்றுதான் நினைப்போம். ஆனால் அவர் வாழ்க்கையில் பத்து வருஷம் நம் மலாயா மண்ணில் கழிந்தது. அதிலும் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்தில், நம்ம பாட்டன் பூட்டன்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் கழிந்தது. அந்தப் பத்து வருஷத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய யோகாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பத்தமடைப் பையன்

1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்தார். மெல்லிய கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர் அது. பெற்றோர் வைத்த பெயர் குப்புசாமி. அப்பா வேங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் வருவாய் அதிகாரி. அம்மா பார்வதி அம்மாள். சிவ பக்தியிலும் கல்வியிலும் பெயர் பெற்ற அப்பைய தீட்சிதரின் பரம்பரை.

சின்ன வயசில் அவர் சாதுவான பிள்ளை இல்லை. விளையாட்டு, உடற்பயிற்சி என்றால் உயிர். விடிவதற்கு முன்பே எழுந்து, படுக்கையில் தலையணையை வைத்துப் போர்வையால் மூடிவிட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடிவிடுவாராம். வாள் வீச்சும் கற்றுக்கொண்டார். கற்றுக் கொடுத்தவர் அந்தக் காலத்தில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர். அவரிடம் போகக் கூடாது என்று ஊரில் சொன்னபோது பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பூக்களை எடுத்துக்கொண்டு நேராக அந்த ஆசானிடம் போய், காலில் வைத்து விழுந்து வணங்கினான். ஒரு பிராமணப் பையன் நூறு வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திருச்சியில் கல்லூரி, பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. விடுமுறை விட்டால் மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள், இவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கி வேலை கற்றுக்கொள்வார். அப்பா இறந்தபின் குடும்பக் கஷ்டம் வந்தது. அம்மா கொடுத்த நூறு ரூபாயை முதலாக வைத்து ஒரு மருத்துவ மாத இதழ் தொடங்கினார். ஆரோக்கியமாக வாழும் வழி எல்லாருக்கும் தெரியணும் என்பதே நோக்கம். நிறைய பிரதிகளை இலவசமாகவே கொடுத்தார். பின்னாளில் ஆசிரமத்தில் அவர் செய்த காரியத்துக்கு இதுதான் ஒத்திகை என்று எனக்குத் தோன்றுகிறது.

கப்பலேறிய டாக்டர்

1913-ல் மலாயாவுக்குக் கப்பலேறினார். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. நாம் இப்போது பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுகிற வயசு. ஆசாரமான சைவம் என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடவில்லை. அம்மா செய்து கொடுத்த பலகாரமும் தண்ணீரும்தான் வழியெல்லாம். சிங்கப்பூரில் இறங்கும்போது உடம்பு ரொம்பவே தளர்ந்துவிட்டது.

அது எப்படிப்பட்ட காலம் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். சஞ்சிக்கூலி முறை அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கங்காணிகள் மூலமாக ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிறையிலிருந்து பாலத்தில் தீவுக்குப் போகும்போது இடது கைப் பக்கம் பச்சைப் பசேல் என்று தெரிகிற ஜெரெஜாக் தீவைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வந்தவர்களைத் தொற்றுநோய் பயத்தால் தடுத்து வைத்த இடம் அது. தாண்டித் தோட்டத்துக்குப் போனால் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு. பால்வெட்டுக்குப் போகிற கால்களில் செருப்பு கிடையாது. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது.

டாக்டர் குப்புசாமி வேலை தேடி சிரம்பானுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளைக்கார நிர்வாகி, ஒரு ஆஸ்பத்திரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாராம். ஒன்று என்ன, மூன்றைக்கூடப் பார்த்துக்கொள்வேன் என்ற மாதிரி இவர் பதில் சொன்னார். வேலை கிடைத்தது. ஏறக்குறைய ஏழு வருஷம் அங்கே இருந்தார். அதன் பிறகு மூன்று வருஷம் ஜோகூர்.

இந்த வருஷங்களில் அவர் மருந்து மட்டும் கொடுக்கவில்லை. ஏழை நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகும்போது கையில் கொஞ்சம் பணமும் வைத்து அனுப்புவார். சிங்கப்பூரிலிருந்து வந்த மலாயா டிரிபியூன் பத்திரிகையில் உடல்நலக் கட்டுரைகள் எழுதினார். நோய்களுக்கான ஆங்கிலப் பெயர்களைத் தமிழ்ப் பெயர்களோடு சேர்த்து ஒரு புத்தகமே போட்டார். இந்தப் புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. தனக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு அவருடைய மொழியிலேயே சொல்லணும் என்று அன்றைக்கே ஒரு டாக்டர் நினைத்திருக்கிறார்.

நல்ல சம்பளம், நல்ல உடை, நல்ல பெயர். எல்லாம் வந்தது. ஆனால் மருந்தால் ஒரு நோயைத் துரத்தினால் இன்னொன்று வருகிறது. உடம்பைச் சரிசெய்து அனுப்பியவர் மனசு உடைந்து திரும்பி வருகிறார். நிரந்தரமான நிவாரணம் எது என்ற கேள்வி அவரை விடவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சாது கொடுத்துவிட்டுப் போன வேதாந்தப் புத்தகம் அந்தக் கேள்வியை இன்னும் ஆழமாக்கியது. 1923-ல் வேலையை விட்டார். இந்தியாவுக்குத் திரும்பினார்.

கங்கைக் கரையிலும் மருந்துப் பெட்டி

கையில் காசு வைத்துக்கொள்ளாமல் காசி, நாசிக், பண்டரிபுரம் என்று அலைந்தார். ஓர் ஊரில் தபால் அதிகாரி ஒருவர் வீட்டில் சமையல் வேலை செய்தும் தங்கியிருந்தார். ஒரு ஆஸ்பத்திரியையே நிர்வாகம் பண்ணின டாக்டர் அடுப்பு ஊதினார் என்பதை நினைக்கணும். ரிஷிகேஷுக்குப் போகும்படி சொன்னது அந்தத் தபால் அதிகாரிதான். 1924 ஜூன் 1-ஆம் தேதி சுவாமி விஸ்வானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் வாங்கினார். குப்புசாமி அன்றிலிருந்து சிவானந்தர்.

ஸ்வர்காஸ்ரமம் என்ற இடத்தில் சின்னக் குடில். கடுமையான தவம். ஆனால் அக்கம்பக்கத்துச் சாதுக்களுக்குக் காய்ச்சல் என்றால் அவரால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க முடியவில்லை. 1927-ல் தன் பழைய காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, லட்சுமண ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். பத்ரிநாத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். ஒரு நாள் ஒரு யாத்திரிகர் மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இதைவிட நல்ல மருந்து இருக்கிறதே என்று பிறகுதான் இவருக்குத் தோன்றியது. மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

பிறகு கங்கையின் மறுகரையில், கைவிடப்பட்ட ஒரு பழைய மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து சில சீடர்களோடு தங்கினார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சிவானந்தாசிரமத்தின் தொடக்கம் அதுதான். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் பிறந்தது. 1948-ல் யோக வேதாந்தப் பயிற்சிக்கான கல்விக்கூடம் தொடங்கியது.

விடுமுறைக்கு ஒரு வாரம்

நம் செயற்குழுச் சண்டைக்கு நேராகப் பதில் சொல்கிற பகுதி இதுதான்.

அதுவரை யோகம் கற்றுக்கொள்ளணும் என்றால் வீட்டை விட்டுக் குருவோடு வருஷக்கணக்கில் இருக்கணும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். ஆபீஸ் கிளார்க், ஆசிரியர், ரயில்வே ஊழியர், பிள்ளை குட்டியோடு இருக்கிற அம்மா இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? சிவானந்தர் காலண்டரைப் பார்த்தார். வெள்ளைக்காரன் ஆட்சியில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அலுவலகங்களுக்கு விடுமுறை. அந்த நாட்களையே எடுத்துக்கொண்டு ஆசிரமத்தில் சாதனை வாரம் என்று நடத்தினார். விடியற்காலைப் பிரார்த்தனை, தியானம், ஆசனம், பிராணாயாமம், சொற்பொழிவு, இரவில் கீர்த்தனை. விடுமுறை முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பலாம். இன்று உலகம் பூராவும் வார இறுதியில், பள்ளி விடுமுறையில் நடக்கிற கூட்டு யோகா முகாம்களின் அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

வந்தவர் கலெக்டரா கிளார்க்கா என்று பார்த்து இடம் போடவில்லை. கூச்சப்படுகிறவரையும் மேடையேற்றிப் பாட வைப்பார். ஆண், பெண், உள்ளூர், வெளிநாடு என்ற வித்தியாசமும் இல்லை. ஜெர்மனியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு 1956-ல் சந்நியாசம் கொடுத்து, சிவானந்த ராதா என்று பெயர் வைத்து, கனடாவுக்கே திருப்பி அனுப்பினார். ஆசிரமத்தில் சாப்பாடு இலவசம், மருந்து இலவசம், பல சமயம் புத்தகமும் இலவசம். மளிகைக் கடையில் கடன் ஏறினாலும் அடுப்பை அணைக்கவில்லை. தொழுநோயாளிகளுக்கும் உதவி போய்க்கொண்டே இருந்தது.

அவர் சொல்லிக் கொடுத்த யோகத்துக்கு ஆறு படிகள் உண்டு. அதில் முதல் படி சேவை. தியானம் ஐந்தாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் சிரம்பான் தோட்டத்து ஆஸ்பத்திரிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மற்றவர் வலியைத் தொட்டுப் பார்க்காதவர் உட்கார்ந்து கண்ணை மூடினால் உள்ளே தன்னைத்தான் பார்ப்பார் என்பது அந்தப் பத்து வருஷத்தில் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தபாலில் வந்த யோகா

சரி, விடுமுறையில்கூட வர முடியாதவர்கள்? அவர்களுக்குத் தபால். ஆசிரமத்துக்கென்றே ஒரு தபால் நிலையம் உண்டு. 1938-லிருந்து மாத இதழ். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள். அதோடு, அன்றாடம் கடைப்பிடிக்க இருபது விதிகளும் ஆன்மிக நாட்குறிப்பு என்று ஒரு படிவமும்.

என்னைப் போன்ற இன்ஜினியரிங் மாணவர்களுக்கு அந்தப் படிவம் ரொம்பப் பிடிக்கும். லேப் லாக்புக் மாதிரியே இருக்கும். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், ஆசனம் எவ்வளவு நேரம், ஜபம் எத்தனை மாலை, பலன் பாராத சேவை எத்தனை மணி, எத்தனை தடவை கோபப்பட்டாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய். தினமும் கட்டம் கட்டமாகப் பூர்த்தி செய்யணும். அளக்காத ஒன்றைச் சரிசெய்ய முடியாது என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சுவாமிஜி அதைக் கோபத்துக்கும் பொய்க்கும் பயன்படுத்தினார்.

கோபத்தைப் பற்றி அவர் எழுதியது வெறும் எழுத்து இல்லை என்பதற்கு ஒரு சம்பவம். 1950 ஜனவரி 8-ஆம் தேதி இரவு சத்சங்கத்தில் ஒருவன் கோடாரியால் அவரை வெட்ட வந்தான். குறி தப்பியது. சீடர்கள் அவனைப் பிடித்து வைத்தார்கள். சுவாமிஜி அவனைத் தண்டிக்க விடவில்லை. அவனை வணங்கி, புத்தகமும் ஜபமாலையும் கொடுத்து, ஊர் போய்ச் சேர ஏற்பாடும் செய்து அனுப்பி வைத்தார். அதே வருஷம் செப்டம்பரில் தொடங்கி இரண்டு மாதம் இந்தியா, இலங்கை முழுக்கச் சுற்றிப் பேசினார். அப்போது அவருக்கு வயது 63. சர்க்கரை வியாதியும் கூடவே பயணம் செய்தது.

1950-களின் கடைசியில் ஓர் இளம் பொறியாளர் ரிஷிகேஷுக்கு வந்தார். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போயிருந்தார். இருந்த இடம் எட்டு, அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். சின்ன வயசுக் கனவு உடைந்த நிலையில் கங்கையில் குளித்துவிட்டு ஆசிரமத்துக்கு நடந்து போனார். சிவானந்தர் அவர் பெயரையோ மதத்தையோ பார்க்கவில்லை, முகத்தில் இருந்த சோகத்தைப் பார்த்தார். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். இந்தத் தோல்வியை மறந்துவிடு, உனக்கென்று வேறு பாதை இருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த இளைஞர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். எஸ்பிஎம், எஸ்டிபிஎம், இன்டர்வியூ என்று எதிலாவது அடிபட்டு உட்கார்ந்திருக்கிற தம்பி, தங்கச்சிகள் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படியுங்கள்.

தீவுகளுக்குப் போன யோகம்

1963 ஜூலை 14-ஆம் தேதி சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அதற்குள் அவருடைய சீடர்கள் பல திசைகளில் போய்விட்டார்கள். சின்மயானந்தர் கீதையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். சத்தியானந்தர் பீகாரில் யோகப் பள்ளி அமைத்தார். நம் நாட்டுக்கு வந்த சுவாமி பிரணவானந்தரால் பத்துமலையில் சிவானந்தாசிரமம் உருவானது. மேற்கே போன விஷ்ணுதேவானந்தர் 1967-ல் பஹாமாஸ் நாட்டில், நசோ நகருக்கு எதிரே தென்னை மரங்கள் சூழ்ந்த தீவுக் கடற்கரையில் ஒரு யோகா முகாம் தொடங்கினார். வெப்பமண்டலத் தீவில் கடலைப் பார்த்துக்கொண்டே ஆசனம் செய்கிற படங்களை இன்று நாம் எங்கே பார்த்தாலும், அதன் பின்னால் இந்த மாதிரி முயற்சிகள் இருக்கின்றன.

தீவில் முகாம் நடத்துவது தப்பே இல்லை. அழகான இடம் மனசை அமைதிப்படுத்தும். சுவாமிஜியே கங்கைக் கரையை விட்டு நகரவில்லையே. ஆனால் அந்த அழகான இடத்துக்குள் யார் வர முடிகிறது என்பதை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகாமின் தேதியை முடிவு செய்தது உழைக்கிறவர்களின் விடுமுறை. இந்த அணுகுமுறையைக் கற்றுக்கொடுத்தது நம் மண்ணின் லயத்து வீடுகளும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் என்றால், அதைத் திருப்பிப் பயன்படுத்தும் உரிமை மற்ற யாரையும்விட நமக்கு அதிகம்.

ஆகவே அடுத்த செயற்குழுவில் நான் நாலு யோசனை வைக்கப் போகிறேன். வாசகர்களும் உங்கள் கருத்தைக் கிளைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஒன்று, தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து விடுமுறை வருகிற பொது விடுமுறை நாட்களில் முகாமை வைப்போம்.

இரண்டு, ஒரே கட்டணம் வேண்டாம். முடிந்தவர் முழுசாகக் கட்டட்டும், முடியாதவர் சமையலிலும் துப்புரவிலும் கை கொடுக்கட்டும். முழுசாகக் கட்டினவரும் ஒரு வேளை பாத்திரம் கழுவட்டும். கோத்தோங் ரோயோங் நமக்குப் புதுசா என்ன?

மூன்று, கடைசி நாள் பிற்பகலில் நேராக வீட்டுக்குப் போகாமல் பிறை அடுக்குமாடி வீடுகளுக்குப் போவோம். தோட்டங்கள் மூடப்பட்டபின் அங்கே குடியேறிய தாத்தா பாட்டிகள் பலர் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார்கள். நம்மில் தாதியர் படிப்புப் படிக்கிற அக்காமார் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, எளிதான மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம்.

நான்கு, முகாமுக்கு எப்படியும் வர முடியாதவர்களுக்கு நாட்குறிப்புப் படிவம் தயார் செய்து கொடுப்போம். மாதக் கடைசியில் அதை வாங்கிப் பார்த்துப் பேச ஆளுக்கொரு துணை வைப்போம். படிவத்தைத் தமிழில் வடிவமைக்கிற வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். நைட் ஷிப்டில் இருப்பவர்களுக்கு எழும் நேரம் விடியற்காலை நாலு மணி என்று போடாமல், அவர்கள் எழுகிற நேரத்தையே போடுவேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் என்னைப் பாருங்கள். பணம் எவ்வளவு முடியும் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் பெயரைக் கொடுங்கள்.

சிவாய நம.